சோறு உடம்பாகும் வழி

வாயில் தொடங்கி ஆசனவாயில் முடியும் செரிமானப் பாதை இரு முனையும் திறந்த ஒரே குழாய். வளர்ந்த மனிதரில் அதன் நீளம் ஏறத்தாழ 9 மீட்டர் என்று பாடநூல்கள் சொல்லும். அது தசைகள் தளர்ந்துபோன பிணத்தில் அளந்த கணக்கு. உயிருள்ள உடம்பில் தசைகள் இறுகி இருப்பதால் குழாய் அதைவிடக் குட்டையாகவே இருக்கும். இந்தக் குழாய்க்குள் கிடக்கும் உணவு, கறாராகப் பார்த்தால், இன்னும் உடம்புக்கு வெளியேதான் இருக்கிறது. உளுந்து வடையின் ஓட்டையில் விரலை விட்டால் விரல் மாவுக்குள் போய்விடுவதில்லை. வயிற்றில் விழுந்த சோறும் அப்படித்தான். குடற்சுவரின் ஒற்றை அடுக்குச் செல்களைத் தாண்டி மறுபக்கம் ஓடும் இரத்தத்தையோ நிணநீரையோ எட்டும்போதுதான் அது உடம்புக்குள் நுழைகிறது.

தாண்டுவது எளிதில்லை. சோற்றின் மாவுச்சத்து, ஆயிரக்கணக்கான குளுக்கோஸ் மூலக்கூறுகளைக் கோத்த நீண்ட சங்கிலி. பருப்பின் புரதம், அமினோ அமிலங்களைக் கோத்து மடித்துச் சுருட்டிய பந்து. நெய், தண்ணீரோடு ஒட்டாத கொழுப்பு. இவற்றில் எதையும் குடற்சுவர் முழுசாக உள்ளே விடாது. கோத்ததை அவிழ்த்துத் தனித்தனி மணியாக்கினால்தான் வழி கிடைக்கும். அந்த அவிழ்ப்பு வேலைக்குப் பெயர் செரிமானம். அதில் ஒரு சிக்கலும் உண்டு. உடம்பும் புரதத்தாலும் கொழுப்பாலும் ஆனதுதான். பருப்பைக் கரைக்கும் சாறு, அதைச் சுரந்த உறுப்பையும் கரைத்துவிடலாம். ஆகவே எந்தச் சாறு எங்கே, எப்போது வேலை செய்யவேண்டும் என்ற கட்டுப்பாடு, சாறுகளின் வலிமையைப் போலவே முக்கியமானது. சோறு, நெய் விட்ட பருப்பு, முருங்கைக்காய்ச் சாம்பார், கீரை, கடைசியில் தயிர் என ஒரு மதியச் சாப்பாடு இந்தப் பாதையில் போகும் விதத்தைப் பின்தொடர்ந்தால் அது விளங்கும்.

வேலையின் முதல் பகுதி அடுப்பிலேயே முடிந்துவிடுகிறது. பச்சரிசியில் மாவுச்சத்து இறுகிய மணிகளாக அடைந்து கிடக்கும். நொதிகள் அதற்குள் புகுவது கடினம். கொதிநீரில் அந்த மணிகள் தண்ணீரை இழுத்து உப்பி, குழைந்து, சங்கிலிகள் வெளியே தெரியும்படி தளர்கின்றன. தாளிப்பு வாசனை மூக்கை எட்டியதுமே வாயில் எச்சில் ஊறத் தொடங்குகிறது. இரைப்பையிலும் சாறு சுரக்க ஆரம்பிக்கிறது. மணத்துக்கும் எதிர்பார்ப்புக்கும் சுரப்பிகள் இப்படி நரம்பு வழியாகப் பதில் சொல்வதை நாய்களை வைத்து நுணுக்கமாக ஆராய்ந்தவர் ரஷ்யாவின் இவான் பாவ்லவ். மணியோசைக்கு எச்சில் விட்ட நாய்களால்தான் உலகம் அவரை அறியும் என்றாலும், 1904-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது செரிமானச் சுரப்பிகள் பற்றிய ஆய்வுக்காக.

ஒரு நாளில் 1 முதல் 1.5 லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. காதுக்கு முன்னால், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என மூன்று இணைச் சுரப்பிகள் அதில் பெரும்பகுதியைத் தருகின்றன. பற்கள் கடித்து அரைக்க, உமிழ்நீர் அதை ஈரமாக்கி வழவழப்பான கவளமாகத் திரட்டுகிறது. அதில் உள்ள அமைலேஸ் என்ற நொதி மாவுச்சத்துச் சங்கிலியை அறுக்கிறது. வெறும் சோற்றை வாயில் போட்டு ஒரு நிமிடம் விழுங்காமல் மென்றால் மெல்ல இனிப்புத் தட்டும். சங்கிலி அறுந்து மால்ட்டோஸ் என்ற சர்க்கரை வெளிவருவதன் ருசி அது. இந்த நொதிக்கான மரபணு எல்லோரிடமும் ஒரே எண்ணிக்கையில் இருப்பதில்லை. சிலரிடம் அதன் படிகள் இரண்டோ மூன்றோ, சிலரிடம் பத்துக்கும் மேல். அரிசி, கிழங்கு போன்ற மாவுணவை வழிவழியாக உண்ட மக்களிடம் இப்படிகள் சராசரியாக அதிகம் என்று 2007-ல் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. ஆனாலும் உணவு வாயில் தங்குவது சில நொடிகள்தான் என்பதால் அங்கே உடையும் மாவுச்சத்து கொஞ்சமே.

விழுங்கும் செயலின் தொடக்கம் மட்டுமே மனிதர் கையில் இருக்கிறது. நாக்கு கவளத்தைத் தொண்டைக்குத் தள்ளியதும் மீதி தானாக நடக்கும்; நடுவில் நிறுத்த முடியாது. மென்னண்ணம் எழுந்து மூக்குக்குப் போகும் வழியை அடைக்கிறது. குரல்வளை மேலேறி முன்னே வர, அதன் மூடி கவிழ்ந்து மூச்சுக்குழலைக் காக்கிறது. அந்த ஒரு நொடி மூச்சு நிற்கிறது. சாப்பிடும்போது பேசினாலோ சிரித்தாலோ இந்த ஒழுங்கு குலைந்து, ஒரு பருக்கையோ ஒரு சொட்டு இரசமோ தவறான வழியில் எட்டிப் பார்க்கும். அதுதான் புரையேறுவது. யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லித் தலையில் தட்டுவது வழக்கம். உண்மையில் காப்பாற்றுவது இருமல்தான்.

உணவுக்குழாய் சுமார் 25 செ.மீ. நீளம். கவளம் அதில் தானாக விழுவதில்லை. பின்னால் உள்ள தசைவளையம் சுருங்க, முன்னால் உள்ளது தளர, ஓர் அலை அதைப் பத்து நொடிக்குள் கீழே தள்ளிக்கொண்டு போகிறது. தலைகீழாக நின்று விழுங்கினாலும் உணவு இரைப்பைக்குப் போய்ச் சேரும். குழாயின் அடிமுனையில் ஒரு தசைவளையம் கதவுபோல் இறுகி நிற்கும். அது வேண்டாத நேரத்தில் தளர்ந்தால் இரைப்பை அமிலம் மேலேறி உணவுக்குழாயைச் சுடும். நெஞ்செரிச்சல், புளித்த ஏப்பம் எல்லாம் இந்தக் கதவின் கோளாறுதான்; பெயரில் நெஞ்சு இருந்தாலும் இதயத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

காலியாக இருக்கும் இரைப்பை ஒரு கைப்பிடி அளவுக்குச் சுருங்கிக் கிடக்கும். உணவு வரவர மேற்பகுதி தளர்ந்து இடம் கொடுத்து, ஒன்று ஒன்றரை லிட்டர் வரை எளிதாக விரியும். முதலில் வந்த சோறு ஓரமாகவும் பின்னால் வந்தது நடுவிலுமாகக் குவியும். அந்தக் குவியலின் நடுப்பகுதியை அமிலம் உடனே எட்டுவதில்லை. அதனால் வாயில் கலந்த அமைலேஸ் அங்கே மேலும் அரைமணி, ஒருமணி நேரம் வேலை செய்ய முடிகிறது. மாவுச்சத்தில் மூன்றில் ஒரு பங்களவு இப்படியே உடைந்துவிடுகிறது. நன்றாக மென்று தின்னச் சொல்லும் பாட்டிமார் பக்கம் இந்த அளவுக்கு அறிவியலும் நிற்கிறது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் நிமிடத்துக்கு மூன்று அலை வீதம் எழுந்து, உணவை வாசல் பக்கம் தள்ளி, மூடிய வாசலில் மோதவிட்டுத் திருப்பியடிக்கிறது. ஆட்டுக்கல்லில் மாவைத் தள்ளித் தள்ளி ஆட்டுவது போன்ற வேலை.

இரைப்பைக்குள் நடப்பது என்ன என்ற கேள்விக்குப் பழைய காலம் சொன்ன விடை, நெருப்பு. பசியைத் தீ என்றே தமிழ் சொல்லும். மணிமேகலையில் காயசண்டிகைக்கு வந்த தீராப் பசிநோயின் பெயர் யானைத்தீ. ஐரோப்பியர் சிலர் வயிற்றை அம்மி என்றார்கள், சிலர் அழுகல் தொட்டி என்றார்கள். 1752-ல் பிரெஞ்சு அறிஞர் ரேயோமூர் ஒரு வழி கண்டார். தின்றதில் செரிக்காததைக் கக்கிவிடும் ஒரு வேட்டைப் பறவைக்கு, இறைச்சி வைத்த சிறு உலோகக் குழலை விழுங்கக் கொடுத்தார். முனைகளில் துளைகள் இருந்தன. குழல் நசுங்காமல் திரும்பி வந்தது, உள்ளே இருந்த இறைச்சி மட்டும் கரைந்திருந்தது. அரைக்காமலே கரைக்கும் ஏதோ ஒரு சாறு அங்கே இருக்கிறது என்பது அதோடு உறுதியானது. அது என்ன சாறு என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு துப்பாக்கி விபத்து தேவைப்பட்டது.

1822 ஜூன் 6. அமெரிக்காவின் ஹியூரன் ஏரியில் உள்ள மெக்கினா தீவு. கம்பளித்தோல் வணிகத்தில் படகோட்டியாக இருந்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற கனடிய இளைஞரின் மீது பக்கத்தில் நின்றவரின் துப்பாக்கி தவறுதலாக வெடித்தது. இடது விலா அடியில் கை நுழையும் அளவு ஓட்டை. காலையில் தின்ற உணவு காயத்தின் வழியே வெளியே வந்தது. பிழைக்கமாட்டார் என்று நினைத்தே வைத்தியம் பார்த்தார் இராணுவ மருத்துவர் வில்லியம் பியூமான்ட். செயின்ட் மார்ட்டின் பிழைத்தார், ஆனால் ஓட்டை மூடவில்லை. இரைப்பையின் விளிம்பு வயிற்றுச் சுவரோடு ஒட்டி வளர்ந்து நிரந்தர வாசலாகிவிட்டது. 1825 ஆகஸ்ட் 1 நண்பகலில் பியூமான்ட் மாட்டிறைச்சி, பன்றி இறைச்சி, பழைய ரொட்டி, முட்டைக்கோஸ் துண்டுகளைப் பட்டுநூலில் கட்டி அந்த வாசல் வழியே உள்ளே இறக்கினார். ஒரு மணிக்கு இழுத்துப் பார்த்தார். ரொட்டியும் கோசும் பாதி கரைந்திருந்தன. இறைச்சி அப்படியே இருந்தது. இரண்டு மணிக்குப் பார்த்தபோது நூலிலிருந்து சில துண்டுகள் அடையாளமில்லாமல் போயிருந்தன.

அடுத்த எட்டாண்டுகளில், இடையிடையே செயின்ட் மார்ட்டின் ஊருக்கு ஓடிப்போவதும் திரும்பி வருவதுமாக, இருநூறுக்கும் மேற்பட்ட சோதனைகள் நடந்தன. இரைப்பைச் சாற்றை எடுத்துக் கண்ணாடிக் குப்பியில் ஊற்றி, உடம்புச் சூட்டில் வைத்து, இறைச்சித் துண்டைப் போட்டால் குப்பிக்குள்ளும் அது கரைந்தது. உயிரின் மாயம் எதுவும் அதற்குத் தேவைப்படவில்லை. செயின்ட் மார்ட்டின் கோபத்தில் இருந்த நாட்களில் செரிமானம் மாறுபடுவதையும் பியூமான்ட் குறித்துவைத்தார். வயிற்றில் ஓட்டையோடு ஒப்பந்தக் கூலியாகப் படுத்துக் கிடப்பவருக்குக் கோபம் வர அதிகக் காரணம் தேவையில்லை. 1833-ல் வெளிவந்த பியூமான்டின் நூல் இரைப்பை ஆய்வின் அடிக்கல்லாயிற்று. செயின்ட் மார்ட்டின் 1880 வரை வாழ்ந்தார், மருத்துவரைவிட 27 ஆண்டு அதிகமாக. இறந்த பின் உடலைக் கேட்டு மருத்துவர்கள் வரக்கூடாது என்று குடும்பத்தார் அதை நாட்கணக்கில் வைத்து அழுகவிட்டே புதைத்தார்கள்.

சாற்றில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம் என்பதை இங்கிலாந்தின் வில்லியம் பிரவுட் 1820-களிலேயே கண்டிருந்தார். 1836-ல் ஜெர்மனியின் தியோடர் ஷ்வான் அதோடு இருந்த நொதியைப் பிரித்து பெப்சின் என்று பெயரிட்டார். நாளொன்றுக்குச் சுமார் 2 லிட்டர் சுரக்கும் இந்தச் சாற்றின் அமிலத்தன்மை, சுரக்கும் இடத்தில், இரத்தத்தைப் போல் பத்து லட்சம் மடங்குக்கும் மேல். அமிலம் பருப்பின் புரதப் பந்துகளைப் பிரித்து விரிக்கிறது. பெப்சின் அவற்றைத் துண்டு போடுகிறது. உணவோடு வந்த கிருமிகளில் பெரும்பாலானவை இங்கேயே சாகின்றன.

இத்தனை காரமான சாறு இரைப்பையையே கரைக்காததற்குக் காரணங்கள் பல. பெப்சின் செல்லுக்குள் பெப்சினாக உருவாவதில்லை. பெப்சினோஜன் என்ற மூடிவைத்த கத்தியாகவே சுரந்து, வெளியே வந்து அமிலம் பட்டதும்தான் உறை கழல்கிறது. உள்சுவரின் மேல் கெட்டியான சளிப்படலம் படர்ந்திருக்கிறது. அந்தச் சளிக்கு அடியில் பைகார்பனேட் ஊறி, கசிந்து வரும் அமிலத்தை அங்கேயே தணித்துவிடுகிறது. அப்படியும் அரிபட்ட செல்களை உடம்பு சில நாட்களுக்கு ஒருமுறை புதிதாக மாற்றிவிடுகிறது. இந்தக் காவல் ஓட்டையாகும் இடத்தில் வருவதுதான் வயிற்றுப்புண். காரம் தின்றால் அல்சர் வரும் என்பது ஊரெங்கும் உள்ள நம்பிக்கை. மருத்துவர்களும் நெடுங்காலம் அமிலத்தையும் மனக்கவலையையும்தான் குற்றம் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் இருவரும் சுருள் வடிவப் பாக்டீரியா ஒன்றைக் கைகாட்டியபோது நம்பியவர்கள் குறைவு. 1984-ல் மார்ஷல் அந்தக் கிருமி கலந்த திரவத்தைத் தானே குடித்து, சில நாளில் இரைப்பை அழற்சியை வரவழைத்துக்கொண்டார். ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற அந்தக் கிருமியும், அடிக்கடி விழுங்கும் வலிமாத்திரைகளுமே பெரும்பாலான புண்களுக்குக் காரணம் என்பது இன்று தெளிவு. இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. புண் வந்த பிறகு காரம் எரியும். புண்ணை உண்டாக்கியது அதுவல்ல.

இரண்டு முதல் நான்கு மணி நேரத்தில் மதியச் சாப்பாடு, வடித்த கஞ்சியைவிடக் கொஞ்சம் கெட்டியான புளித்த கூழாகிவிடும். வாசல் தசை அதைச் சிறிது சிறிதாக, தேக்கரண்டிக் கணக்கில், சிறுகுடலுக்குள் விடுகிறது. அவசரப்படுவதில்லை. சிறுகுடலில் கொழுப்பு தட்டுப்பட்டால் அங்கிருந்து போகும் ஹார்மோன் இரைப்பையின் வேகத்தைக் குறைத்துவிடும். நெய் மிதக்கும் விருந்துக்குப் பிறகு சாயங்காலம் வரை பசி எடுக்காததற்குக் காரணம் இது.

சிறுகுடலின் முதல் 25 செ.மீ. முன்சிறுகுடல். பன்னிரண்டு விரற்கிடை நீளம் என்று பழங்கால கிரேக்க மருத்துவர்கள் அளந்ததால், அதன் ஐரோப்பியப் பெயரிலேயே பன்னிரண்டு ஒட்டிக்கொண்டது. உண்மையான செரிமானத்தின் பெரும்பகுதி இங்கும் இதை அடுத்தும்தான் நடக்கிறது. அமிலக் கூழ் உள்ளே வந்ததும் கணையம் சாறு விடவேண்டும். கூழ் வந்த சேதி கணையத்துக்கு எப்படிப் போகிறது? நரம்பு வழியாக என்றே பாவ்லவ் உட்பட எல்லோரும் நினைத்தார்கள். 1902 ஜனவரியில் இலண்டன் யூனிவர்சிட்டி கல்லூரியில் வில்லியம் பேலிஸ், எர்னஸ்ட் ஸ்டார்லிங் இருவரும் மயக்கத்தில் இருந்த நாயொன்றின் சிறுகுடல் துண்டுக்குப் போகும் நரம்புகளை எல்லாம் அறுத்துவிட்டு, அதற்குள் அமிலம் விட்டார்கள். கணையம் வழக்கம்போலவே சுரந்தது. அந்தக் குடல் துண்டின் உட்படலத்தைச் சுரண்டி, மணலும் அமிலமும் சேர்த்து அரைத்து, வடிகட்டி இரத்தக்குழாயில் செலுத்தியபோதும் கணையம் சுரந்தது. சேதி இரத்தத்தில் கரைந்து போகிறது என்பது அன்று தெரிந்தது. அந்தப் பொருளுக்கு செக்ரட்டின் என்று பெயர். 1905-ல் ஸ்டார்லிங் இந்த வகைப் பொருள்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்தான் ஹார்மோன். அந்தச் சொல் பிறக்க முதற்காரணம், குடல் துண்டுக்குள் விட்ட கொஞ்சம் அமிலம்.

கணையச் சாறு முதலில் அமிலத்தைத் தணிக்கிறது. பெப்சினின் ஆட்டம் அதோடு முடிந்து, காரத்தன்மையில் வேலை செய்யும் புதிய நொதிகள் பொறுப்பேற்கின்றன. மாவுச்சத்துக்கு மறுபடி ஓர் அமைலேஸ், கொழுப்புக்கு லைப்பேஸ், புரதத்துக்கு டிரிப்சினும் அதன் கூட்டாளிகளும். டிரிப்சினும் உறைபோட்டே வருகிறது. உறையைக் கழற்றும் நொதி கணையத்தில் இல்லை, சிறுகுடலின் சுவரில் இருக்கிறது; பூட்டு ஒரு வீட்டில், சாவி அடுத்த வீட்டில். பித்தக்கல் வழியை அடைத்தாலோ, குடியால் கணையம் பழுதானாலோ, இந்த உறை கணையத்துக்குள்ளேயே கழன்றுவிடும். கணையம் தன்னைத் தானே செரிக்கத் தொடங்கும். கடும் கணைய அழற்சியின் தாங்கமுடியாத வலிக்கு அதுவே காரணம்.

நெய்யின் பாடு தனி. அது இதுவரை பெரிதாக மாறாமல், தண்ணீரில் சொட்டுச் சொட்டாக மிதந்தே வந்திருக்கிறது. லைப்பேஸ் சொட்டின் மேற்பரப்பில் மட்டுமே வேலை செய்யும். சொட்டு பெரிதாக இருந்தால் வேலை நகராது. கல்லீரல் சுரந்து பித்தப்பை கெட்டியாக்கி வைத்திருக்கும் பித்தநீர் இங்கே வந்து கலக்கிறது. எண்ணெய்ப் பிசுக்கேறிய தாளிப்புக் கரண்டியில் சோப்புப் பட்டதும் பிசுக்கு பால்போல் வெளுத்துக் கரைவதைப் பார்த்தவர்களுக்கு, பித்த உப்புகள் செய்வதைத் தனியாக விளக்கவேண்டியதில்லை. பெரிய சொட்டுகள் நுண்ணிய துளிகளாகின்றன. அவற்றை லைப்பேஸ் கொழுப்பமிலங்களாக உடைக்கிறது. பித்தநீரில் செரிமான நொதி எதுவும் இல்லை. பித்த உப்புகளில் 95 விழுக்காட்டைப் பின்சிறுகுடல் திரும்ப உறிஞ்சிக் கல்லீரலுக்கே அனுப்புகிறது. உடம்பு விலைமதிப்புள்ளதைக் கழிவோடு விடுவதில்லை.

சிறுகுடலின் உட்சுவர் வழவழப்பான குழாய் போல இருக்காது. கண்ணுக்குத் தெரியும் மடிப்புகள், அவற்றின்மேல் துருக்கித் துண்டின் நூல்வளையங்கள் போன்ற குடலுறிஞ்சிகள், ஒவ்வொரு உறிஞ்சியின் செல்களிலும் தூரிகை மயிர்கள் போன்ற நுண்ணுறிஞ்சிகள். இவற்றையெல்லாம் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று எழுதாத பாடநூல் இல்லை. 2014-ல் சுவீடன் ஆய்வாளர்கள் திரும்ப அளந்தபோது செரிமானப் பாதை முழுவதற்கும் சுமார் 32 சதுர மீட்டர்தான் வந்தது, ஏறத்தாழ அரை இறகுப்பந்து மைதானம். டென்னிஸ் மைதானம் இன்னும் பாடநூல்களை விட்டுப் போகவில்லை. அளவு குறைந்தாலும் வேலை குறையவில்லை. இந்தத் தூரிகை மயிர்களிலேயே கடைசி நொதிகள் பதிந்திருக்கின்றன. இரண்டிரண்டாக மிஞ்சிய சர்க்கரைகளை அவை ஒற்றையாகப் பிளக்க, பிளந்த இடத்திலேயே செல் உள்ளே இழுத்துக்கொள்கிறது.

தயிருக்கு இங்கேதான் சோதனை. பால் சர்க்கரையான லாக்டோஸைப் பிளக்க லாக்டேஸ் என்ற நொதி வேண்டும். அநேகமாக எல்லாக் குழந்தைகளுக்கும் அது உண்டு. உலகில் பெரியவர்களில் பெரும்பாலோருக்கு அது குறைந்துவிடுகிறது. தென்னிந்தியாவிலும் அப்படித்தான், வடமேற்கு இந்தியாவைவிட இங்கே அதிகம். பிளக்காத லாக்டோஸ் பெருங்குடலுக்குப் போய் வாயுவும் வயிற்றுப்போக்குமாகும். ஒரு தம்ளர் பால் குடித்தால் வயிறு பொருமும் பலருக்கு ஒரு கிண்ணம் தயிர் ஒன்றும் செய்வதில்லை. உறைமோரின் பாக்டீரியாக்கள் லாக்டோஸில் ஒரு பகுதியை முன்பே தின்றுவிடுகின்றன. மீதியைப் பிளக்கும் நொதியையும் அவையே குடலுக்குள் சுமந்து வருகின்றன.

குளுக்கோஸ் செல்லுக்குள் போகும் வழி, உயிர்காத்த கண்டுபிடிப்பு ஒன்றுக்குக் கதவு திறந்தது. நுழைவாயிலில் நிற்கும் புரதம் குளுக்கோஸைத் தனியே உள்ளே விடாது. சோடியம், அதாவது உப்பின் ஒரு பாதி, கூட வந்தால்தான் விடும். 1960-ல் ராபர்ட் கிரேன் இதைச் சொன்னார். இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்தொடரும். காலராவில் குடல் தண்ணீரைக் கொட்டும்போதும் இந்த வாசல் பழுதாவதில்லை. 1971-ல் கிழக்கு பாகிஸ்தானிலிருந்து அகதிகள் குவிந்த மேற்கு வங்கத்தின் பன்கான் முகாமில் காலரா பரவி, நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனபோது, திலீப் மகலனாபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸையும் உப்பையும் தண்ணீரில் கலந்து டிரம்களில் வைத்து வாய்வழியே கொடுக்கச் செய்தார். 30 விழுக்காட்டை ஒட்டியிருந்த சாவு 4-க்கும் கீழே இறங்கியது. மருந்துக்கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலத்தில் இன்று லிட்டருக்கு 13.5 கிராம் குளுக்கோஸும் 2.6 கிராம் சாதாரண உப்பும், கூடவே பொட்டாசியம், சிட்ரேட் உப்புகளும் இருக்கின்றன. வயிற்றுப்போக்குக்கு உப்புப் போட்ட கஞ்சி கொடுப்பதிலும் இதே கணக்கு வேலை செய்கிறது. அரிசி மாவுச்சத்து உடைந்து குளுக்கோஸாகி, உப்போடு கைகோத்து நுழைகிறது.

குளுக்கோஸும் அமினோ அமிலங்களும் இரத்தத்தில் ஏறி, உடம்பின் மற்ற பகுதிகளுக்குப் போகுமுன் கல்லீரலுக்குப் போகின்றன. எதைச் சேமிப்பது, எதை வெளியே விடுவது, எந்த நஞ்சை முறிப்பது என்பதெல்லாம் அங்கே தீர்மானமாகும். கொழுப்பு அந்தச் சுங்கச்சாவடியைச் சுற்றிக்கொண்டு போகிறது. குடற்செல் அதைத் திரும்பக் கோத்து, புரதப் போர்வை சுற்றி, நிணநீர்க் குழாயில் விடுகிறது; அது மார்பு வழியே ஏறி, இடது கழுத்தெலும்பருகே இரத்தத்தில் கலக்கும். 1622-ல் இத்தாலியின் காஸ்பரே அசெல்லி, வயிறார உண்ட நாயை அறுத்தபோது குடற்சவ்வு எங்கும் வெள்ளை நூல்கள் ஓடக் கண்டார். நரம்பு என்று நினைத்து ஒன்றைக் கீறினால் பால்போன்ற திரவம் வடிந்தது. பட்டினி கிடந்த நாயில் அந்த நூல்கள் தெரியவில்லை. கொழுப்பின் தனிப்பாதை அப்படித்தான் கண்ணில் பட்டது.

சாப்பிட்டு நாலைந்து மணி நேரமாகிக் குழாய் காலியானதும் வேறொரு வேலை தொடங்கும். ஒன்றரை மணிக்கு ஒருமுறை வலிய அலையொன்று இரைப்பையில் கிளம்பி, சிறுகுடலின் கடைசி வரை பெருக்கித் தள்ளிக்கொண்டு போகும். பசித்த வயிறு கடமுடா என்று சத்தம் போடுவது பெரும்பாலும் இந்தப் பெருக்குமாற்றின் ஓசைதான். நொறுக்குத்தீனியை ஓயாமல் கொறித்துக்கொண்டிருந்தால் இந்த அலை எழ வாய்ப்பே இருக்காது.

ஒரு நாளில் குடித்ததும் சுரந்ததுமாகச் சுமார் 9 லிட்டர் திரவம் சிறுகுடலுக்குள் வருகிறது. அதில் ஒன்றரை லிட்டர் அளவே பெருங்குடலை எட்டும். அதையும் அது வற்றச்செய்து, 100 முதல் 200 மி.லி. மட்டும் மிச்சம் விடுகிறது. ஒன்றரை மீட்டர் நீளமுள்ள பெருங்குடலில் உணவு ஒரு நாளோ அதற்கு மேலோ தங்கும். அங்கே வாழும் பாக்டீரியாக்களின் எண்ணிக்கை சுமார் 38 லட்சம் கோடி, உடம்பின் சொந்தச் செல்களுக்கு ஏறக்குறைய சமம். கீரையின் நாரையும் முருங்கைக்காய்ச் சதையின் நாரையும் உடைக்க மனித நொதிகளால் முடியாது. இந்தப் பாக்டீரியாக்களால் ஓரளவு முடியும். நாரை நொதிக்கவைத்து இவை விடும் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பமிலத்தைத்தான் பெருங்குடற்சுவரின் செல்கள் முதன்மை உணவாகக் கொள்கின்றன. ஆறிய சோற்றில் மாவுச்சத்தின் ஒரு பகுதி திரும்ப இறுகி, சிறுகுடலில் செரிக்காத வடிவமாகிவிடும். ஆக, பழைய சோற்றின் ஒரு பங்கும் இந்தப் பாக்டீரியாக்களுக்கே போகிறது. பருப்பிலும் பயறிலும் உள்ள ராஃபினோஸ் வகைச் சர்க்கரைகளை அறுக்கும் நொதி மனிதச் சிறுகுடலில் இல்லை. அவையும் இங்கே வந்து நொதித்து, ஹைட்ரஜன், கரியமில வாயு, சிலரிடம் மீத்தேன் என்று வெளிவரும். மொச்சைக் குழம்பு வைத்த வீட்டில் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

இரைப்பையில் புதிதாக உணவு விழுந்ததும் பெருங்குடல் அசைந்து பழையதைத் தள்ளும் ஒரு பழக்கம் உண்டு. காலைக் காப்பியோ இட்லியோ உள்ளே போன சிறிது நேரத்தில் பலர் எழுந்து போவது அதனால்தான். வெளியேறும் மலத்தில் நான்கில் மூன்று பங்கு தண்ணீர். மீதித் திடப்பொருளில் பெரும்பங்கு உணவின் மிச்சமே அல்ல. பாக்டீரியாக்களும் அவற்றின் சடலங்களும் குடற்சுவரிலிருந்து உதிர்ந்த செல்களும். பழுப்பு நிறம் சிதைந்த சிவப்பணுக்களிலிருந்து பித்தநீர் வழியாக வந்தது. சாம்பாரில் போட்ட தக்காளியின் தோலும் மிளகாய் விதையும் பல சமயம் அதில் அப்படியே தெரியும். பாதை முழுவதையும் கடந்து, அமிலத்தில் ஊறி, கணையச் சாற்றில் நனைந்து, ஒரு நாளுக்கு மேல் பயணம் செய்தும், அந்த விதை உடம்புக்குள் ஒருமுறைகூட நுழையவில்லை.